இருபது நிமிடம் பறந்த விமானம்

கடந்த இரண்டு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பாதி எனக்கு, பாதி குடும்பத்துக்கு. என் பாதியில் ஒரு பச்சை வெட்டுப்பாய், இரண்டு இடுக்கி, ஒரு கூர்க்கத்தி, ஏழெட்டுச் சாயக் குப்பிகள், நடுவில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். மறுபாதியில் சோறும் குழம்பும். ஒருநாள் இரண்டும் கலந்துவிட்டன. அதைப் பற்றி இங்கே எழுதக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மாதிரி விமானப் பித்து தெரியும். இந்த முறை நான் கையில் எடுத்தது ஜப்பானின் ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனத்தின் 1/48 அளவு 'கிக்கா'. 1/48 என்றால், உண்மையான விமானத்தின் 48 சென்டிமீட்டர் என் மேசையில் ஒரு சென்டிமீட்டர். பத்து மீட்டர் இறக்கை 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். எட்டு மீட்டர் உடல் 17 சென்டிமீட்டர். விரித்த கையில் உட்காரும்.

கிக்கா என்றால் ஜப்பானிய மொழியில் ஒருவகை ஆரஞ்சு மரத்தின் பூ. போர் விமானத்துக்குப் பூவின் பெயர். ஜப்பான் தன் சொந்த ஆற்றலில் பறக்கவிட்ட முதல் ஜெட் விமானம் இதுதான். நாகாஜிமா நிறுவனம் ஜப்பானியக் கடற்படைக்காகக் கட்டியது. முதன்முதலாக வானில் ஏறிய நாள் 1945 ஆகஸ்ட் 7. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மறுநாள். தோக்கியோ விரிகுடாவின் கரையில் உள்ள கிசராசு கடற்படைத் தளத்திலிருந்து சுசுமு தகாவோக்கா என்ற சோதனை விமானி அதை ஓட்டினார். சக்கரங்களை மடக்கவே இல்லை. இருபது நிமிடத்துக்குள் இறக்கிவிட்டார்.

நான்கு நாள் கழித்து இரண்டாம் முயற்சி. இந்த முறை எரிபொருளை நிறைய ஏற்றி, சட்டென்று எழும்புவதற்காக இரண்டு சிறு ராக்கெட்டுகளையும் கட்டினார்கள். ராக்கெட்டுகளைப் பொருத்திய கோணம் தவறு. அவை எரிந்து தீர்ந்ததும் வேகம் தளர்ந்ததை உணர்ந்த விமானி, எஞ்சின்தான் நின்றுவிட்டது என்று நினைத்து ஓட்டத்தை நிறுத்தப் பார்த்தார். விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கடலோரத்தில் போய் விழுந்தது. அடுத்த நான்கு நாளில் ஜப்பான் சரணடைந்தது. கிக்காவின் மொத்தப் பறப்பு வரலாறு அவ்வளவுதான்.

'ஸீரோ கட்டலாம், ஸ்பிட்ஃபயர் கட்டலாம், ஒரு சண்டையும் போடாத விமானத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெடு?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸீரோ எல்லாரிடமும் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் வேறு. இந்த விமானத்தின் எஞ்சினுக்குள் நம் பினாங்கு கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் வேலை. பெட்டியில் உள்ளபடியே ஒட்டினால் நான்கைந்து மாலையில் முடிந்துவிடும். எனக்கு ஆசை அடங்கவில்லை. கிக்காவுக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஜெட் எஞ்சின்கள். அவற்றின் பெயர் நே-20. இடது பக்க உறையைத் திறந்து, உள்ளே எஞ்சின் தெரியும்படி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். நிஜ எஞ்சினின் குறுக்களவு 62 சென்டிமீட்டர். என் அளவில் 13 மில்லிமீட்டர். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் வைத்தால் விரல்தான் பெரிதாகத் தெரியும்.

அதற்குள் எட்டு அடுக்குக் காற்றமுக்கி. அதாவது, முன்னால் நுழையும் காற்றைப் படிப்படியாக நெருக்கிப் பின்னால் தள்ளும் எட்டு விசிறிச் சக்கரங்கள். நெருக்கிய காற்றில் எரிபொருள் எரியும். எரிந்து விரியும் வாயு பின்புறம் பாயும்போது டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகும். அந்தச் சுழற்சிதான் முன்னால் உள்ள விசிறிகளையும் சுற்றுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வட்டங்கள் வெட்டி, ஓரத்தில் கத்தியால் கீறி, ஒவ்வொரு கீற்றையும் இடுக்கியால் சற்றுத் திருகிவிட்டால் விசிறி. சொல்வது சுலபம். முதல் மூன்று வட்டங்களில் பாதிக் கீற்றுகள் ஒடிந்து விழுந்தன. நான்காவதில்தான் கை பழகியது. எரிபொருள் குழாய்களுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. துண்டுகளைக் கழற்றிய பிறகு மிச்சமாகும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் தலைமுடி அளவு நூல் வரும். பிள்ளைகளுக்கு இது ஒரு மாயாஜாலம். நெருப்பு உங்கள் கையில் இருக்கட்டும், இழுக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

இவ்வளவையும் நான் செய்தது ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு. எஞ்சினை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் வெட்டுப்படம். நிஜ எஞ்சினைச் செய்தவர்கள் கையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்தது.

யொகோசுக்கா கடற்படைத் தொழில்நுட்பக் கூடத்தில் தனேகாஷிமா என்ற அதிகாரியின் குழு பல வருடமாக ஜெட் எஞ்சினுக்குப் போராடிக்கொண்டிருந்தது. கைகூடவில்லை. ஜெர்மனியோ மெஸ்ஸர்ஷ்மிட் 262-ஐப் பறக்கவிட்டிருந்தது. நேசநாடான ஜப்பானுக்கு அந்த நுட்பத்தைத் தர ஜெர்மனி சம்மதித்தது. கொண்டுவருவதுதான் பாடு. ஆகாயத்திலும் கடல்மேலும் வழியில்லை, கடலுக்கு அடியில்தான் வர வேண்டும். ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி 1944 மார்ச்சில் பிரான்ஸின் லோரியாங் துறைக்குப் போய், ஏப்ரலில் எஞ்சின் ஆவணங்களோடு புறப்பட்டு, ஜூலை 14-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதில் வந்த இவாயா என்ற அதிகாரி, கையில் எடுக்க முடிந்த சில தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு விமானத்தில் தோக்கியோ போய்விட்டார். மிச்சம் எல்லாம் நீர்மூழ்கியிலேயே இருந்தது. ஜூலை 26-ல், பிலிப்பீன்ஸின் லூசோன் தீவுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அதை மூழ்கடித்தது. பணியாளர்களில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார்.

இவாயாவின் பையில் வந்து சேர்ந்தவற்றில் ஒன்று, பி.எம்.டபிள்யூ. 003 எஞ்சினின் வெட்டுப்படம். சிறிதாக்கி எடுத்த ஒரு புகைப்பட அச்சு. அதிலிருந்து நே-20 பிறந்தது. 1945 மார்ச்சில் முதல்முறையாகச் சுழன்றது. அச்சு அசலான நகல் என்று சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மன் எஞ்சினில் ஏழு அடுக்கு, இதில் எட்டு. டர்பைன் சூட்டைத் தாங்கத் தேவையான நிக்கல் ஜப்பானிடம் இல்லை, கிடைத்த எஃகில் செய்தார்கள். பெட்ரோலும் இல்லை. பைன் மரத்தின் வேரைத் தோண்டி எண்ணெய் வடித்த காலம் அது. மட்டமான எண்ணெயையும் ஜெட் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும் என்பதே அவர்களுக்கு ஒரு கவர்ச்சி. குண்டுவீச்சுக்குப் பயந்து தொழிற்சாலைகளைக் கலைத்து, பட்டுப்புழு வளர்க்கும் கட்டடங்களில் எல்லாம் கிக்காவின் வேலை நடந்தது. குகைகளில் ஒளித்து வைப்பதற்காக இறக்கைகளை மடிக்கும்படி செய்தார்கள். முன்சக்கரம்கூடப் புதிதல்ல, வேறொரு குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரம். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரியைப் பிரித்து இன்னொரு லாரியை ஓட வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் அந்நியமாக இருக்காது.

இப்போது பினாங்கு. ஐரோப்பாவுக்குப் போய் வருவதற்கு முந்தைய வருடம், 1943 ஏப்ரல் தொடக்கத்தில், இதே ஐ-29 இன்னொரு வேலைக்காகப் புறப்பட்டது. புறப்பட்ட இடம் நம் தீவு. அன்று பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளம், பிறகு ஜெர்மன் நீர்மூழ்கிகளும் வந்து தங்கின. இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையில்தான் அவை கட்டிக் கிடந்தன. ஐ-29-ல் இரண்டு டன் தங்கம் இருந்தது. மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் அது யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைச் சந்தித்தது. ஏப்ரல் 28-ம் தேதி, கொந்தளிக்கும் கடலில், ஒரு ரப்பர் மிதவையில் இரண்டு பேர் ஜெர்மன் கப்பலிலிருந்து ஜப்பானியக் கப்பலுக்கு மாறினார்கள். ஒருவர் ஆபித் ஹசன். மற்றவர் சுபாஷ் சந்திர போஸ். மே மாதத் தொடக்கத்தில் ஐ-29 அவர்களைச் சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் இறக்கியது.

நேதாஜியைக் கொண்டுவந்த அதே நீர்மூழ்கிதான் கிக்காவின் எஞ்சின் படத்தையும் கொண்டுவந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பெட்டியை வரவழைத்தேன். வீட்டில் எல்லாருக்கும் கதையைச் சொன்னேன். மகன் வாயைப் பிளந்து கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

வேலை வளர்ந்தது. சாயம் அடிக்கும் கட்டத்தில் பினாங்கின் மழை குறுக்கே வந்தது. புழுக்கமான மாலையில் லேக்கர் சாயத்தைத் தெளித்தால், காயும்போது மேலே வெண்மையாகப் பூத்துவிடும். ஒரு இறக்கை அப்படி வீணாகி, தேய்த்து மறுபடி அடித்தேன். காலை பத்து மணி வெயிலில் அடியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், முகமூடி போடுங்கள். ஈரக் காற்று சாயத்தைக் கெடுக்கும், சாய ஆவி நுரையீரலைக் கெடுக்கும்.

எந்த நிறம் அடிப்பது என்பதிலும் சிக்கல். கிக்காவின் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜப்பானியக் கடற்படை தன் சோதனை விமானங்களுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள் அடிப்பது வழக்கம். ஆனால் 1945-ல் மஞ்சள் விமானத்தை வெளியில் நிறுத்துவது எதிரிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். நான் பார்த்த படத்தில் மேல்பகுதி இருண்டே தெரிகிறது. அடர் பச்சை என்று முடிவு செய்தேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம், காப்பி உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒரு கிக்கா மிஞ்சியிருக்கிறது. அதன் படங்களை ஒரு இரவு முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி வரிசைகள், உறை மூடிகள், விமானி அறைக் கண்ணாடியின் சட்டங்கள். இருபது நிமிடம் பறந்த ஒன்றைப் பற்றி இத்தனை தெரிந்துகொள்ள முடிகிறது.

கடைசியில் மிஞ்சியது ஒட்டுப்படங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டுபவை. இறக்கைகளின் மேலும் கீழும், உடலின் இரண்டு பக்கமும் சிவப்பு வட்டங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இத நம்ம வீட்டுல வெக்கப் போறியா?"

அம்மாவுக்கு வயது 82-க்கு மேல். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்களாம். அவர் திரும்பவில்லை. எங்கே, எப்போது, எதனால் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கும் மேல், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். எங்கள் தாத்தாவின் பெயர் எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. பாட்டியின் படம் மட்டும் கூடத்தில் தனியாகத் தொங்குகிறது.

நேதாஜி கதை அம்மாவை அசைத்திருக்கும் என்று நினைத்தேன். அசைத்திருந்தது, நான் நினைத்தபடி அல்ல. நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியது 1943 ஜூலை 2. அதற்குப் பிறகு தோட்டத்துப் பையன்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், அப்படிச் சேர்ந்ததால் சயாமுக்குப் போகாமல் தப்பியவர்களும் உண்டு. தாத்தாவை ஏற்றிப் போனது அதற்கு முன்பே. "அந்தக் கப்பலு இன்னும் நாலு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார் அம்மா. எண்பது வருடமாக அவர் மனத்தில் இருந்த கணக்கா, நான் சொன்ன தேதிகளைக் கேட்டுப் போட்ட கணக்கா, தெரியவில்லை.

ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு அந்தச் சிவப்பு வட்டம் வானத்திலிருந்துதான் முதலில் வந்தது. 1941 டிசம்பர் 11 காலை விமானங்கள் வரிசையாக வந்தபோது, ஜனங்கள் ஒளியவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அதற்கு முன் குண்டு விழுந்து பார்த்தவர்கள் யாரும் இங்கே இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் மீதுதான் குண்டும் துப்பாக்கிச் சூடும் விழுந்தன. மாதிரி விமானம் கட்டுகிற நாங்கள் எல்லாம் கொஞ்சம் அந்த வேடிக்கைக்காரர்கள்தான். ஆணி வரிசை சரியா, பச்சை சரியா என்று பார்ப்போம். அதற்கு அடியில் யார் நின்றார்கள் என்று பார்ப்பது குறைவு. இதை நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மற்றவர்களைக் குறை சொல்லவில்லை.

ஒட்டுப்படத் தாளை அம்மா கையிலிருந்து வாங்கி உறைக்குள் வைத்தேன். வட்டம் இல்லாமலே விட்டுவிடுகிறேன் என்றேன். வெறும் பச்சை விமானம். அதுவும் ஒரு தீர்வுதானே?

ஒரு வாரம் அப்படியே கிடந்தது. அந்த வாரம் மேசையின் என் பாதியும் சாப்பாட்டுக்கே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பசாரிலிருந்து வந்த கீரையை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார்: "ஒட்டிடு. அது இல்லன்னா யாரோட ப்ளேனுன்னு நாளைக்கு எப்படித் தெரியும்? உன் மவனுக்குச் சொல்ல வேணாமா?"

மகனும் நானுமாக ஒட்டினோம். அவன் ஊறவைத்தான், நான் நழுவவிட்டேன். ஒரு வட்டம் மடங்கிக்கொண்டது, தூரிகையால் நீரைத் தொட்டுத் தொட்டுப் பத்து நிமிடத்தில் நேராக்கினோம். யாருடைய விமானம், யார் கட்டியது, அது பறந்த வருடத்தில் நம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று வேலையோடு வேலையாகச் சொன்னேன். அவன் கேட்ட ஒரே கேள்வி, "கொள்ளுத் தாத்தா எப்படி இருப்பாரு?" அம்மா கீரையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "எனக்கே தெரியாதேப்பா" என்றார்.

கிக்கா இப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் நிற்கிறது. சாமி மேடைப் பக்கமும் பாட்டி படத்துப் பக்கமும் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. இடது எஞ்சின் உறை திறந்திருக்கிறது. எட்டு அடுக்கில் முன்னிரண்டு மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. மற்ற ஆறும் உள்ளே இருப்பது எனக்கும் இப்போது உங்களுக்கும் தெரியும்.

போன வாரம் அம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய ரொட்டி டின்னை எடுத்துவந்தார். அதற்குள் துணியில் சுற்றிய ஒரு வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் அச்சடித்த பத்து டாலர். தாத்தா சயாமுக்குப் போகும்போது பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போன பணத்தில், செல்லாமல் போன பிறகும் பாட்டி தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒன்று. இதுவரை எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. மடிப்பு நடுவில் கிழியத் தொடங்கியிருக்கிறது.

"அந்த ப்ளேனுக்குச் செஞ்சியே, கண்ணாடிப் பொட்டி, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு செய்ய முடியுமா?"

மேசையில் வெட்டுப்பாயை மறுபடி விரித்திருக்கிறேன். தொடாமல் அளக்க வேண்டும். நோட்டு வளைந்திருக்கிறது, அழுத்தினால் மடிப்பு விட்டுவிடும். வெயில் படாத இடமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மையும் வெளிறிவிடும். எங்கே மாட்டுவது என்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். பாட்டி படத்துக்கு வலது பக்கம் சுவரில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இருக்கிறது.